இருபது வயது தாண்டிய எம்எக்ஸ்-5: ஒரிஜினல் ஷாக்கா, வெளிச்சந்தை ஷாக்கா?

பின்னணி

வண்டி 2002-ஆம் ஆண்டின் மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற இரண்டு இருக்கை கார், இரண்டாம் தலைமுறை, 1.8 லிட்டர் எஞ்சின். தொழிற்சாலையிலிருந்தே பில்ஸ்டீன் நிறுவனத்தின் ஷாக்குகளோடு (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்கள்) வந்த ஸ்போர்ட் ரகம். ஓடியது 1,40,000 கிலோமீட்டருக்கு மேல். இப்போதைய உரிமையாளர் மூன்றாமவர். வார இறுதிகளில் மலைப்பாதைகளிலும் நல்லதும் கெட்டதுமான சாலைகளிலும் ஓட்டுகிறார். பந்தயத் தடத்துக்கு எப்போதாவது போகும் ஆசை உண்டு, அவ்வளவுதான்.

அவர் கொண்டுவந்த புகார்கள் மூன்று. வளைவின் நடுவில் சின்ன மேடு வந்தால் பின்பக்கம் ஓர் அடி பக்கவாட்டில் தாவுகிறது. முன்பக்கம் பள்ளத்தில் இறங்கும்போது ‘டக்’ என்று உலோகச் சத்தம் வருகிறது. மூன்றாவது அவருடையது இல்லை, துணைவியாருடையது: முதுகு வலிக்கிறது, இனி இந்த வண்டியில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ஷாக்குகள் போய்விட்டன என்று உரிமையாளர் முன்பே முடிவு செய்திருந்தார். கார் நிறுவனத்தின் ஒரிஜினல் நல்லதா, கார் நிறுவனம் வழியாக வராமல் தனியாக விற்கும் வெளிச்சந்தை ஷாக் நல்லதா என்பது மட்டுமே அவர் என்னிடம் கேட்ட கேள்வி. வண்டியைப் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

முதல் பரிசோதனை

முதலில் உயரம். இந்த வண்டியின் சர்வீஸ் மேனுவல், சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளக்கச் சொல்கிறது. தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் காற்றும் கணக்கைக் குழப்பும் என்பதால் இது நல்ல முறை. முன்பக்கம் இரு பக்கமும் இருக்க வேண்டியதைவிட ஏறத்தாழ 30 மி.மீ. தாழ்ந்திருந்தது. பின்பக்கமும் தாழ்வு, ஆனால் சமமாக இல்லை: இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 11 மி.மீ. குறைவு. சக்கர இடைவெளியில் டார்ச் அடித்துப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. முந்தைய உரிமையாளர் வண்டியைத் தாழ்த்துவதற்கான குட்டை ஸ்பிரிங்குகளைப் போட்டிருக்கிறார். ஷாக்குகளோ பழைய நீளத்து ஒரிஜினல்கள்தான்.

அடுத்து டயர். காற்று 32 பிஎஸ்ஐ. இந்த வண்டிக்குத் தொழிற்சாலை சொல்லும் அளவு 26. பெரிய கார்களின் பழக்கத்தில் பெட்ரோல் நிலையத்தில் அடித்துவிட்டிருப்பார்கள். ஏறத்தாழ 1,100 கிலோ எடையுள்ள வண்டியில் ஆறு பிஎஸ்ஐ கூடினால் ஒவ்வொரு கல்லும் இருக்கையில் தெரியும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதிக் குறியீட்டில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். எட்டு ஆண்டு தாண்டிய டயர்கள். பூப் பதிவு நிறையவே மிச்சமிருந்தது, ரப்பர்தான் இறுகிப்போயிருந்தது.

பின் இடது ஷாக்கில் ஆயில் வழிந்து, தூசியோடு சேர்ந்து பசையாகியிருந்தது. ஷாக்கில் உள்ளேயும் வெளியேயும் நகரும் தண்டின் சீலைச் (ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர்) சுற்றி லேசான ஈரப்படலம் இருந்தால் பயப்பட வேண்டாம், அது சாதாரணம். உடல் முழுக்க வழிந்திருந்தால்தான் ஷாக் முடிந்தது. மற்ற மூன்றும் வெளியே உலர்ந்திருந்தன. உலர்ந்திருப்பதாலேயே நன்றாக வேலை செய்கின்றன என்று சொல்லிவிட முடியாது.

வண்டியின் மூலையை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் பழைய சோதனையையும் செய்தோம். நான்கு மூலைகளும் ‘தேர்ச்சி’. பம்ப் ஸ்டாப் என்ற அடிதாங்கித் துண்டின்மேல் கிட்டத்தட்ட உட்கார்ந்திருக்கும் வண்டி எப்படி ஆடும்?

பம்ப் ஸ்டாப் என்ற கதாநாயகன்

ஷாக்கின் மேல்பகுதியில் தண்டைச் சுற்றி ஒரு மென்மையான பாலியூரிதேன் துண்டு இருக்கும். அதுதான் பம்ப் ஸ்டாப். சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது உலோகம் உலோகத்தை இடிக்காமல் தடுக்கத்தான் அது இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இந்த வண்டியில் அதற்குக் கூடுதல் வேலை உண்டு. சஸ்பென்ஷனின் அசைவு தூரமே குறைவு என்பதால், சற்று வேகமான வளைவிலேயே வெளிப்பக்கச் சக்கரம் பம்ப் ஸ்டாப்பைத் தொட்டுவிடும். அதாவது அது இரண்டாவது ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது.

தண்டின் தூசி உறையை மேலே தள்ளிவிட்டு, ஒவ்வொரு தண்டிலும் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையைக் கட்டினோம். வண்டியை அவரது வழக்கமான சாலையில் ஓட்டிவிட்டுத் திரும்பவும் பார்த்தோம். சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்கியதோ அவ்வளவு தூரத்துக்கு டை நகர்ந்திருக்கும். முன்பக்கம் இரண்டு டைகளும் பம்ப் ஸ்டாப்பின் அடியில் நசுங்கிக் கிடந்தன. சும்மா ஊருக்குள் போய்வந்ததற்கே இப்படி. அந்த பம்ப் ஸ்டாப்புகளையும் விரலால் அழுத்தியதும் பிஸ்கட் போல உதிர்ந்தன.

முன்பக்க ‘டக்’ சத்தத்தில் பாதி இதுதான். மீதிப் பாதி, வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஆன்டி-ரோல் பாரின் இணைப்புக் கம்பி ஒன்றின் மூட்டு தேய்ந்து ஆடியதால் வந்தது. புதுசாக எந்த ஷாக் போட்டிருந்தாலும் அந்தச் சத்தம் போயிருக்காது.

டயர் காற்றை 26-க்கு இறக்கி மறுபடி ஓட்டினோம். சின்னச் சின்ன அதிர்வுகள் நன்றாகவே குறைந்தன. வளைவில் பின்பக்கம் தாவுவது அப்படியே இருந்தது. சரி, அது ஷாக்கும் உயரமும் சேர்ந்த பிரச்சினை என்று தெளிவாயிற்று.

இருந்த வழிகள்

இந்த இடத்தில்தான் உரிமையாளரின் கேள்விக்கு அர்த்தம் வந்தது. ஆனால் ‘ஒரிஜினல்’ என்ற சொல்லுக்குள் மூன்று வேறு பொருள்கள் ஒளிந்திருந்தன. கார் நிறுவனத்தின் பெட்டியில் வருவது ஒன்று. அதைத் தயாரித்த அதே ஷாக் நிறுவனம் தன் சொந்தப் பெயரில் விற்பது இன்னொன்று. ஏற்கனவே வண்டியில் இருப்பதைப் பிரித்துப் புதுப்பிப்பது மூன்றாவது. முதலிரண்டும் ஒரே நிறத்தில், ஒரே அளவில் இருந்தாலும் உள்ளே ஆயிலின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வுத் தகடுகளின் அடுக்கு ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பகுதி எண் வேறு என்றால் உள்ளமைப்பும் வேறாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

கார் நிறுவனத்தின் பெட்டி: முன்பக்க ஜோடி கிடைத்தது, பின்பக்கம் கிடைக்கவில்லை. மாஸ்டா 2017-இல் ஜப்பானில் அறிவித்த மறுசீரமைப்புச் சேவை முதல் தலைமுறை வண்டிகளுக்கானது. இரண்டாம் தலைமுறைக்காரர்களுக்கு அதனால் நேரடிப் பயன் இல்லை. முன்னால் ஒரிஜினல், பின்னால் வேறொன்று என்று கலக்கலாமா என்று உரிமையாளர் கேட்டார். வேண்டாம் என்றேன். முன்பக்கமும் பின்பக்கமும் மேட்டைத் தாண்டி எவ்வளவு வேகத்தில் அடங்குகின்றன என்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. எடை குறைந்த, பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் அந்த ஒழுங்கு கெட்டால் நேரே தெரிவது வளைவில்தான்.

யாரோ பல ஆண்டு அலமாரியில் வைத்திருந்த ‘புது’ ஒரிஜினல் ஜோடி ஒன்றும் விலைக்கு வந்தது. பயன்படுத்தாமலே சீல் ரப்பர் காய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த விலைக்கு அந்தச் சூதாட்டம் தேவையில்லை என்று ஒதுக்கினோம்.

இரட்டைக் குழாய் வகை (ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய்) மாற்று ஷாக்: விலை குறைவு, சாலையில் மென்மை. வெளிக்குழாயில் கல் பட்டு நெளிந்தாலும் உள்ளே பிஸ்டன் தப்பிக்கும். ஆனால் தொடர்ந்து கடுமையாக ஓட்டினால் ஆயில் சூடாகி, நுரைத்து, பிடிமானம் தளரும். மலைப்பாதைக்காரருக்கு அது குறைதான்.

மறுவீச்சை, அதாவது அமுங்கிய ஷாக் திரும்ப நீளும்போது தரும் தடையை, கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள ஷாக், கோனி நிறுவனத்தின் மஞ்சள் ரகம் போல: நல்ல பொருள். இவருக்கு ஏற்றதா என்பதில் எனக்குத் தயக்கம் இருந்தது. திருப்ப ஒரு குமிழ் இருந்தால் மனிதர் திருப்பிக்கொண்டே இருப்பார். தேய்ந்த புஷ்ஷால் (மூட்டுகளில் உள்ள ரப்பர் உருளை) வரும் தளர்ச்சியையும் ஷாக்கை இறுக்கி மறைக்கத் தோன்றும். இறுக்கினால் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்காமல் தொங்கும், பிடிமானம் இன்னும் போகும்.

உயரம் மாற்றும் முழு கிட்: உரிமையாளரின் கண் இதில்தான் இருந்தது. கடினமான ஸ்பிரிங், ஷாக்கின் மேல்முனையை உடலோடு பிடிக்கும் இடத்தில் உலோக மூட்டு வைத்த மேல் மவுண்ட். துணைவியாரின் புகாரை நினைவூட்டினேன். கிட் பேச்சு அங்கே நின்றது.

அதே ஷாக் நிறுவனத்தின் வெளிச்சந்தை ஷாக், ஒற்றைக் குழாய் வகை (ஒரே குழாய்க்குள் ஆயிலும் அழுத்தமேற்றிய வாயுவும்): பில்ஸ்டீனில் பி6 என்பது ஒரிஜினல் நீளம், பி8 என்பது தாழ்த்திய ஸ்பிரிங்குக்காகக் குட்டையாக்கியது. எந்த ஸ்பிரிங் என்று முடிவு செய்யாமல் இதில் எதையும் வாங்க முடியாது.

முடிவும் அதன் காரணமும்

ஆக, முதலில் முடிவு செய்ய வேண்டியது உயரம். தாழ்ந்த தோற்றத்தை விட உரிமையாளருக்கு மனமில்லை. ஒரிஜினல் உயரத்தில் இந்த வண்டி ‘ஜீப் மாதிரி’ நிற்கும் என்றார். வாதம் செய்யாமல் அளந்து காட்டினோம். ஒரு முன்பக்க ஷாக்கைக் கழற்றி, ஸ்பிரிங் இல்லாமல், புது பம்ப் ஸ்டாப்போடு திரும்ப மாட்டினோம். ஹப்புக்கு (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) அடியில் ஜாக்கி வைத்து மெல்ல உயர்த்தி, சக்கர மையத்துக்கும் மட்கார்டுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்துக்கொண்டே போனோம். தாழ்த்திய உயரத்திலிருந்து பம்ப் ஸ்டாப்பைத் தொட 10 மி.மீ.கூட மிச்சமில்லை. ஒரிஜினல் உயரத்தில் 40 மி.மீ.யை நெருங்கியது. அவர் டேப்பைத் தானே பிடித்து ஒருமுறை அளந்தார். அப்புறம் உயரத்தைப் பற்றிப் பேச்சு வரவில்லை.

குட்டை ஷாக் போட்டால் ஷாக்கின் உள்ளே இடம் கூடும் என்பது உண்மை. ஆனால் அடியில் சக்கரத்தை உடலோடு இணைக்கும் ஆர்மும் டயரும் உடலை நெருங்கும் தூரம் மாறாது. ரப்பர் இடிப்பதற்குப் பதிலாக வேறேதாவது இடிக்கும்.

எனவே: ஒரிஜினல் உயரத்து ஸ்பிரிங், ஒரிஜினல் நீளத்து வெளிச்சந்தை ஒற்றைக் குழாய் ஷாக் நான்கு, புது பம்ப் ஸ்டாப், மேல் மவுண்ட் ரப்பர், தூசி உறை, முன்பக்க இணைப்புக் கம்பிகள். ஸ்பிரிங்கைப் புதிதாக வாங்கவில்லை. வண்டியைத் தாழ்த்தியவர்கள் கழற்றிப்போட்ட நல்ல ஸ்பிரிங்குகள் எப்போதும் மலிவாகக் கிடைக்கும். கிடைத்தவற்றின் இடது வலது நீளங்களை ஒப்பிட்டு, பெயின்ட் உரிந்து துரு குழிவிட்ட இடம் உண்டா என்று பார்த்து எடுத்தோம்.

பழைய ஒரிஜினல்களைப் புதுப்பிப்பதையும் யோசித்தோம். ஒற்றைக் குழாய் ஷாக்கைப் பிரித்து, சீலும் ஆயிலும் மாற்றி, நைட்ரஜன் ஏற்ற முடியும். ஆனால் பின்பக்கத் தண்டுகளின் குரோம் பூச்சில் துருக் குழிகள் இருந்தன. குழி விழுந்த தண்டு புது சீலையும் விரைவில் அறுத்துவிடும்.

வேலை நடந்தபோது

முன்பக்கம் தொந்தரவில்லை. பின்பக்கத்தில் கீழ் ஆர்மின் வெளிமுனையில் உள்ள நீள போல்ட்டை உருவினால்தான் ஷாக்கை வெளியே எடுக்க இடம் கிடைக்கும். பழைய வண்டிகளில் அந்த போல்ட் புஷ்ஷின் உள்குழாயோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். வலப்பக்கம் சூடாக்கியதில் வந்தது, இடப்பக்கம் வரவில்லை. வெட்டி எடுத்து, புது போல்ட்டும் புஷ்ஷும் வரும்வரை வண்டி ஸ்டாண்டில் நின்றது.

கழற்றிய பின் இடது ஷாக்கை மேசைமேல் வைத்துத் தண்டை உள்ளே அழுத்தினோம். அங்கேயே நின்றுவிட்டது. வாயு இருக்கும் ஒற்றைக் குழாய் ஷாக்கில் தண்டு தானாகவே வெளியே வர வேண்டும். பின் இடது மூலை மட்டும் கூடுதலாகத் தாழ்ந்திருந்ததற்கும் விடை கிடைத்தது. கணக்கு எளிது. 14 மி.மீ. விட்டமுள்ள தண்டின் பரப்பு ஏறத்தாழ 154 சதுர மி.மீ. உள்ளே 25 பார் அழுத்தம் என்றால் தண்டை வெளியே தள்ளும் விசை 385 நியூட்டன் வரும். மி.மீ.க்கு 25 நியூட்டன் தாங்கும் ஸ்பிரிங்கில் அது 15 மி.மீ.க்குச் சமம். மற்ற மூலைகள் சுமையைப் பகிர்ந்துகொள்வதால் அது முழுதாக வெளியே தெரியாது. உரிமையாளர் இவ்வளவு நாளும் அந்த ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்றே நினைத்திருந்தார்.

இதே கணக்கு எதிர்த்திசையிலும் செல்லும். குறைந்த அழுத்தமுள்ள இரட்டைக் குழாய் ஷாக்கிலிருந்து ஒற்றைக் குழாய்க்கு மாறினால் வண்டி சற்று உயரும். வேலை தவறாகிவிட்டதோ என்று பதற வேண்டியதில்லை.

மேல் நட்டை இறுக்க இம்பாக்ட் கன் (நட்டை வேகமாகச் சுழற்றி முறுக்கும் இயந்திரம்) பயன்படுத்தவில்லை. தண்டு வேகமாகச் சுழன்றால் சீலுக்குக் கேடு. தண்டை பிளையரால் பிடித்தால் அன்றே அந்த ஷாக்கின் ஆயுள் முடிந்தது. தளர்த்திய எல்லா ஆர்ம் போல்ட்டுகளையும் வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்கினோம். சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கினால் புஷ்ஷின் ரப்பர் எப்போதும் திருகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும்.

பிறகு நடந்தது

சில நாள் ஓட்டி, உட்கார்ந்த பிறகு அளந்ததில், முன்பக்கம் மேனுவல் அளவைவிட 8 மி.மீ. உயரம். பின்பக்க இடது வலது வேறுபாடு 3 மி.மீ.க்குள் வந்தது. அதற்குப் பிறகே வீல் அலைன்மென்ட் செய்தோம்.

வளைவு நடுவில் பின்பக்கம் தாவுவது நின்றது. முன்பக்கச் சத்தம் இல்லை. துணைவியார் ஏறினார், நீண்ட பயணம் ஒன்றும் போய்வந்தார்கள். ஒரு குறையையும் சொல்ல வேண்டும்: மெதுவாகப் போகும்போது சின்ன ஒட்டுகளும் விரிசல்களும் அவர் எதிர்பார்த்ததைவிட அழுத்தமாகத் தெரிந்தன. இந்த வகை ஷாக்கின் இயல்பு அது. வேகம் கூடியதும் அடங்கிவிடுகிறது. ஊருக்குள் மட்டுமே ஓட்டுபவர் என்றால் இரட்டைக் குழாயையே சொல்லியிருப்பேன்.

சில மாதம் கழித்து டயர்களை மாற்றினார். மாற்றிவிட்டு வந்து, ‘ஷாக்கைவிட இதுதானே அதிகம் மாற்றியிருக்கிறது’ என்று கேட்டார். சின்ன அதிர்வுகளைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் தவறில்லை.

கழற்றிய நான்கு பழைய ஷாக்குகளையும் அவர் ஒரு புதுப்பிப்பாளரிடம் கொடுத்து, இயந்திரத்தில் வைத்து, ஷாக் எவ்வளவு தடை தருகிறது என்று காட்டும் விசை வரைபடம் எடுத்தார். பின் இடதில் விசையே கிட்டத்தட்ட இல்லை. பின் வலது மிகவும் தளர்ந்திருந்தது. முன்பக்க இரண்டும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவும் பயன்படுத்தக்கூடிய நிலையிலும் இருந்தன.

மறுபடி செய்தால் மாறுவது

டயரை முதலில் மாற்றிவிட்டு, ஒரு மாதம் ஓட்டியபின் ஷாக்கைப் பற்றிப் பேசுவேன். எந்த மாற்றம் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல அது ஒன்றே வழி. பணம் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் இல்லாதபோது உரிமையாளர்கள் ஷாக்கைத்தான் முதலில் வாங்குகிறார்கள், டயர்தான் முதலில் வர வேண்டும்.

பின்பக்க நீள போல்ட்டுகளையும் புஷ்களையும் வேலை தொடங்கும் முன்பே வாங்கி வைத்துவிட வேண்டும். பழையவை துருவால் ஒட்டியிருக்கவில்லை என்றால் புதியவற்றைத் திருப்பிக் கொடுத்துக்கொள்ளலாம்.

விசை வரைபடத்தைப் புது ஷாக் வாங்குவதற்கு முன்பே எடுத்திருந்தால் கணக்கு வேறாக இருந்திருக்கும். முன்பக்க ஜோடியை அதே வால்வு அமைப்போடு புதுப்பித்து, பின்பக்கத்துக்குப் புதுத் தண்டு போட்டு, நான்கையும் ஒரே இடத்தில் ஒரே அளவுக்குச் சரிசெய்திருக்கலாம். செலவு ஏறத்தாழ அதேதான் ஆகும், காத்திருப்பு அதிகம். மெதுவான வேகத்தில் உள்ள அந்த அழுத்தம் குறைந்திருக்க வாய்ப்புண்டு. உரிமையாளர் இப்போது அந்தப் பழைய செட்டை அப்படித்தான் தயார் செய்யக் கொடுத்திருக்கிறார். வந்ததும் அதே ஸ்பிரிங், அதே டயர், அதே காற்றோடு மாற்றி ஓட்டிப் பார்ப்பதாகப் பேசியிருக்கிறோம்.